22 கெல்வினில் ஒரு கறுப்புப் பொடி

நேற்று நள்ளிரவுக்குப் பிறகு கணினித் திரையில் இரண்டு கோடுகள் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. பிரிந்திருக்க வேண்டிய கோடுகள்.

என் மாதிரி, இட்ரியமும் மாலிப்டினமும் சேர்ந்த ஓர் ஆக்சைடு. நூறு மில்லிகிராம்கூட இல்லாத கறுப்புப் பொடி. காந்தப்புலமே இல்லாமல் அதைக் குளிர்வித்து, பிறகு சிறு புலம் கொடுத்துச் சூடேற்றிக்கொண்டே அதன் காந்தமாக்கத்தை அளந்தால் ஒரு கோடு வரும். புலத்தோடு குளிர்வித்து அளந்தால் வேறொன்று. 22 கெல்வினுக்கு மேலே இரண்டும் ஒன்றே, கீழே பிரிந்துவிடும். அணுக்களின் குட்டிக் காந்தங்களான ஸ்பின்கள் ஒழுங்கில்லாமல் உறைந்து நிற்கும் 'ஸ்பின் கண்ணாடி' நிலைக்கு முதல் அடையாளம் அதுதான்.

தவறு என்னுடையது. முந்தைய அளவீடு முடிந்ததும், மாதிரியை 10 கெல்வினிலேயே வைத்துக்கொண்டு புலத்தை மட்டும் அணைத்துவிட்டு, 'புலமின்றிக் குளிர்வித்தது' என்று கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டேன். 22 கெல்வினுக்கு மேலே சூடேற்றிப் பழைய புலத்தின் தடத்தை அழிக்க மறந்தவன் நான். பொடி எதையும் மறக்கவில்லை.

ஸ்பின்கள் இப்படி உறைவதை விளக்கப் பாடப்புத்தகங்கள் ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டும். முனைக்கு ஒரு ஸ்பின்; ஒவ்வொன்றும் அண்டை ஸ்பினுக்கு எதிராகத் திரும்ப வேண்டும். இரண்டு முனைகள் மேலும் கீழுமாக நின்றுகொண்டால் மூன்றாவது இருதலைக்கொள்ளி எறும்பு. அழகான படம்தான், அங்கேயே நிறுத்திவிடுவதுதான் எரிச்சல். அந்த முக்கோண வலையை வைத்து இயற்பியலாளர் வானியர் 1950இல் கணக்கிட்டுக் காட்டியது, தனிச்சுழி வெப்பநிலையிலும் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வராது என்பதைத்தான். ஒழுங்குக்கு வராதது வேறு, உறைந்து நிற்பது வேறு. உறைவதற்குச் சீர்குலைவும் வேண்டும் என்பது வழக்கமான பதில். 1972இல் கனெல்லாவும் மைடோஷும் ஆராய்ந்த தங்க-இரும்புக் கலவையில் அது தாராளம்: தங்கத்துக்குள் இரும்பு அணுக்கள் கண்டபடி சிதறிக் கிடக்கும்.

என் பொடியில் அப்படி இல்லை. மாலிப்டினம் அயனிகள் மூலையோடு மூலை ஒட்டிய நான்முகிகளாக அமர்ந்திருக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஸ்பின்கள் ஒன்றையொன்று எதிர்க்கும் வலிமைக்கு 200 கெல்வின் அருகிலேயே ஒழுங்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

2017இல் வந்த விளக்கம் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு நான்முகியிலும் இரண்டு அயனிகள் உள்நோக்கியும் இரண்டு வெளிநோக்கியும் துளி நகர்கின்றன. எந்த இரண்டு என்பதில் நான்முகிக்கு நான்முகி ஒற்றுமையில்லை. சராசரியை மட்டும் பார்க்கும் எக்ஸ் கதிருக்கு அது பிடிபடாது. ஸ்பின்களுக்கோ அண்டையோடுள்ள பிணைப்பே இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

இப்போது 60 கெல்வினுக்கு ஏற்றி, புலத்தை அணைத்து, அரை மணி நேரம் விட்டிருக்கிறேன். நேற்றுச் செலவான ஹீலியத்துக்கு என் நெறியாளரிடம் இன்னும் கணக்குச் சொல்லவில்லை.