பருத்திக்காட்டில் படித்த பொருளியல்

எமது கல்லூரியில் 1980களின் பிற்பகுதியில் உயர்தர வர்த்தகப் பிரிவில் பயின்றவர்கள், பொருளியல் ஆசிரியர் எங்களை மண்டபத்தில் இருத்திக் காண்பித்த அமெரிக்கத் திரைப்படத்தை மறந்திருக்கமாட்டார்கள். 'பிளேசஸ் இன் த ஹார்ட்' என்பது அதன் பெயர். ரொபேர்ட் பென்ரன் எழுதி இயக்கிய அந்தப் படம் 1984இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நடந்த ஒஸ்கார் விழாவில் சாலி ஃபீல்ட் சிறந்த நடிகைக்கான விருதையும், பென்ரன் சிறந்த மூலத் திரைக்கதைக்கான விருதையும் பெற்றனர். ஆனால் விருதுக்காக எங்கள் ஆசிரியர் அதனைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1930களின் பெருமந்தம் எமது பாடக்குறிப்பில் சில வரிகளுக்குள் அடங்கிப்போயிருந்தது. விலை விழுந்தது, உற்பத்தி குறைந்தது, வேலையின்மை பெருகியது என்று நாங்கள் அதனை ஒப்புவித்துக்கொண்டிருந்தோம். விலை விழும்போது ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவர் விரும்பினார். யாரிடமோ இரவல் வாங்கிய வீடியோ கசற்றும், மின்சாரத்தை நம்பமுடியாத அந்நாளில் பிடிவாதமாக ஏற்பாடு செய்த ஜெனரேற்றரும் அவருடைய அந்த விருப்பத்தின் அளவைச் சொல்லும்.

கதை 1935இல், ரெக்சாஸ் மாநிலத்தின் வக்ஸஹாச்சி என்ற சிற்றூரில் நடக்கிறது. அது பென்ரன் வளர்ந்த ஊர். படப்பிடிப்பும் அங்கேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு வேளையில் அப்பகுதியின் காவல் அதிகாரியான ஷெரிஃப் ரொய்ஸ் ஸ்போல்டிங்கை அழைத்துச் செல்ல ஆள் வருகிறது. மதுபோதையில் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்த வைலி என்ற கறுப்பின இளைஞனின் கையிலிருந்து தவறுதலாக வெடித்த குண்டு ஷெரிஃபின் உயிரைக் குடிக்கிறது. சற்று முன்னர் குடும்பமாக இருந்து உணவருந்திய அதே மேசையில் அவருடைய உடலைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். மனைவி எட்னாவும் அவளுடைய சகோதரி மார்கிறெற்றும் அந்த உடலைக் கழுவும் காட்சியில் ஒப்பாரி இல்லை, பெரிய வசனம் இல்லை. துணியை நனைத்துப் பிழியும் கைகளே நடிக்கின்றன. அதே நாளில் வைலியை வெள்ளையர் கூட்டமொன்று விசாரணை எதுவுமின்றிக் கொன்று, உடலை வண்டியில் கட்டி இழுத்துவந்து எட்னாவின் வீட்டு முன்னால் காட்டுகிறது. ஒரு வீட்டில் ஒரு சாவு, இன்னொரு வீட்டில் இன்னொரு சாவு. முதலாவது சாவுக்கு ஊர் முழுவதும் திரண்டு வருகிறது. இரண்டாவதை நாங்கள் கவனித்தோமா என்று ஆசிரியர் அன்றே கேட்டார்.

கணவன் இருந்தவரை வரவுசெலவைப் பற்றி எட்னாவுக்கு எதுவும் தெரியாது. வங்கிக்காரர் வந்து கணக்கைச் சொல்லும்போதுதான் காணியும் வீடும் ஈட்டில் இருப்பதும், கட்டவேண்டிய தவணை நெருங்குவதும் அவளுக்குத் தெரியவருகின்றன. காணியை விற்றுவிடு, பிள்ளைகளை உறவினர் வீடுகளில் விடு என்பதே அவளுக்குக் கிடைக்கும் ஆலோசனை. வங்கிக்காரர் கொடுமைக்காரராகச் சித்திரிக்கப்படவில்லை என்பது இந்தப் படத்தின் பலங்களில் ஒன்று. அவர் பணிவாகவே பேசுகிறார். தம்முடைய நிலையில் நியாயமான ஒன்றைத்தான் சொல்கிறார்.

இந்த இடத்தில் ஆசிரியர் படத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகைக்குச் சென்றார். அமெரிக்கப் பருத்திக்கு 1929இல் ஓர் இறாத்தலுக்கு ஏறக்குறைய 17 சதம் கிடைத்தது. 1931, 1932 ஆண்டுகளில் அது 6 சதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பருத்தியின் விலை மூன்றில் ஒன்றாகியபோது வங்கியில் எழுதியிருந்த கடன் மூன்றில் ஒன்றாகவில்லை. 17 சத விலையில் வாங்கிய கடனை 6 சத விலையில் அடைப்பதற்கு விவசாயி ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்தியை விளைவிக்கவேண்டும். எல்லோரும் அப்படியே அதிகமாக விளைவித்தால் விலை இன்னும் விழும். அந்தச் சுழலை உடைப்பதற்காகவே ரூஸ்வெல்ற் அரசாங்கம் 1933இல் வேளாண்மைச் சீராக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, வயலில் நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது அழிப்பதற்குக் காணிக்காரருக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி காணிக்காரரோடு நின்றுவிட, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்டுவந்த ஏழைக் குடும்பங்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும், நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. 1934இல் ஆர்கன்சா மாநிலத்தில் இரு இனத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் அமைத்ததற்கு அதுவே காரணம். படத்தில் இந்த வரலாறு பேசப்படவில்லை. ஆயினும் வேலை தேடி எட்னாவின் வாசலுக்கு வரும் மோஸ் என்ற கறுப்பின மனிதர் எங்கிருந்து வருகிறார், ஏன் ஊர் ஊராக அலைகிறார் என்பதை விளங்கிக்கொள்வதற்கு அது இன்றியமையாதது.

டனி குளோவர் நடித்த மோஸ், முதல் சந்திப்பில் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது வெள்ளிக் கரண்டிகளையும் எடுத்துச் செல்கிறார். பொலிசார் அவரைப் பிடித்துவந்து வாசலில் நிறுத்தும்போது, எட்னா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தானே வேலைக்கு அமர்த்திய ஆள் என்று சொல்லிவிடுகிறாள். இதனை இரக்கம் என்று மட்டும் கொள்ளமுடியாது. பருத்தி பயிரிட்டால் தவணையைக் கட்டலாம் என்ற ஒரே வழியைச் சொன்னவர் அவர்தான். அவர் போய்விட்டால் அந்த வழியும் போய்விடும். விதை வாங்கும்போது வியாபாரி தரம் குறைந்ததைத் தள்ளிவிடப் பார்ப்பதைக் கண்டுபிடிப்பவர் மோஸ். பருத்தியை விற்கும்போது என்ன விலை கேட்கவேண்டும், எங்கே பிடித்து நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவரும் அவரே. ஆனால் வியாபாரியின் முன்னால் இருந்து பேசுபவள் எட்னா. அக்காலத் தென்மாநிலங்களில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளை வியாபாரியோடு சரிசமமாக விலை பேசிவிட முடியாது. அறிவு ஒருவரிடம், அதைச் சொல்லும் உரிமை இன்னொருவரிடம். அந்தப் பேரம் பேசும் காட்சியை, சாலி ஃபீல்ட் முகத்தில் பயத்தை மறைத்துக்கொண்டு குரலை மட்டும் நிதானமாக வைத்திருப்பதற்காகவே பலமுறை பார்க்கலாம்.

அந்த மாவட்டத்தில் முதலாவது பருத்திப் பொதியைக் கொண்டுவருபவருக்கு 100 டொலர் பரிசு. அந்தப் பரிசும் கிடைத்தால்தான் தவணை கட்டுப்படியாகும் என்ற நிலையில் அறுவடை ஓர் ஓட்டப்பந்தயமாகிறது. ஆசிரியர் இங்கும் நிறுத்தினார். கொட்டை நீக்கி அழுத்திக் கட்டிய ஒரு பொதி ஏறக்குறைய 500 இறாத்தல். அதற்குச் செடியிலிருந்து சுமார் 1500 இறாத்தல் பருத்தி எடுக்கவேண்டும். பழக்கப்பட்ட வலுவான ஒருவர் நாள் முழுவதும் குனிந்து எடுத்தால் சுமார் 200 இறாத்தல் எடுப்பார். ஆகவே ஒரு பொதிக்கு ஏழெட்டு ஆள்நாள் தேவை. பழக்கமில்லாத எட்னாவுக்கும் அவளுடைய சிறு பிள்ளைகளுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று எங்களையே கணக்குப் பார்க்கச் சொன்னார். அந்தக் கணக்கைப் போட்ட பின்னர் மீண்டும் படத்தைப் பார்த்தபோது, தோளில் மாட்டிய நீண்ட சாக்கு நிலத்தில் இழுபட, வெடித்த காயின் காய்ந்த முனைகள் விரல்களைக் கிழிக்க, அவள் நிமிரமுடியாமல் நிற்பது வெறும் காட்சியாகத் தெரியவில்லை. பருத்தியெடுக்கும் இயந்திரங்கள் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். அதுவரை உலகச் சந்தைக்குப் போன அமெரிக்கப் பருத்தி ஏறக்குறைய அனைத்தும் இப்படிக் கையால் எடுக்கப்பட்டதே.

பொதி முதலாவதாகச் சேர்கிறது, பரிசு கிடைக்கிறது, காணி தப்புகிறது. சாதாரணமான ஒரு படம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் அன்றிரவே கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து மோஸை அடித்து நொறுக்குகிறார்கள். எட்னாவின் வீட்டில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் வில் என்பவர், முதலாம் உலகப் போரில் பார்வையை இழந்தவர். ஜோன் மல்கோவிச் நடித்த பாத்திரம். ஷெரிஃபின் பழைய துப்பாக்கியுடன் வெளியே வரும் அவர், முகமூடிகளுக்குப் பின்னாலிருக்கும் குரல்களை வைத்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். முகம் தெரியாது என்ற துணிவில் வந்தவர்கள் கலைந்துபோகிறார்கள். மோஸ் உயிர் தப்புகிறார், ஆனால் அந்த ஊரில் இனி இருக்கமுடியாது. சின்னச் சின்ன நினைவுப் பொருட்களைக் கொடுத்துவிட்டு அவர் புறப்படும்போது, இந்தப் பயிரை விளைவித்தது நீ, அதை ஒருபோதும் மறந்துவிடாதே என்ற கருத்துப்பட எட்னா அவரிடம் சொல்கிறாள்.

படம் முடிந்ததும் ஆசிரியர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

"பிள்ளையள், இந்தக் காணியைக் காப்பாற்றினது ஆர்?"

"அந்த மனிசி, சேர்" என்றோம் எல்லோரும்.

"அப்ப காணி இல்லாமல் போனது ஆர்?"

யாரும் பதில் சொல்லவில்லை. கரும்பலகையில் அவர் இரண்டு நிரல்கள் வரைந்து, ஒன்றில் எட்னா, வங்கி, வியாபாரி, மோஸ் ஆகியோர் பயிருக்குக் கொடுத்ததையும், மற்றையதில் அவர்களுக்குக் கிடைத்ததையும் எங்களைக் கொண்டே நிரப்பவைத்தார். வங்கிக்குத் தவணை கிடைத்தது. வியாபாரிக்குப் பருத்தி கிடைத்தது. எட்னாவுக்கு வீடும் பிள்ளைகளும் மிஞ்சினர். மோஸின் பெயருக்கு எதிரே எழுதுவதற்கு எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் பலர் அதனை ஒரு விதவையின் துணிவைச் சொல்லும் கதை என்று பாராட்டுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதி அந்த வெறும் கட்டத்தில் இருக்கிறது என்பதே என்னுடைய உறுதியான கருத்து.

பின்னாளில் ஒன்ராறியோவில் கணக்காளராகப் பணியாற்றியபோது பண்ணைக் குடும்பங்களின் கணக்கேடுகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஜமேக்காவிலிருந்து 1966ஆம் ஆண்டு முதலும், மெக்சிக்கோவிலிருந்து 1974ஆம் ஆண்டு முதலும் பருவகாலத் தொழிலாளர் இங்கு அழைத்துவரப்படுகிறார்கள். பயிரை விளைவித்து எடுத்துக் கொடுத்துவிட்டு, பருவம் முடியத் திரும்பிப் போய்விடுகிறார்கள். கூலி என்ற தலைப்பின் கீழ் ஒரே தொகையாக அவர்களைக் காணும்போதெல்லாம் ஆசிரியரின் இரண்டு நிரல்கள் என் கண்முன் வந்தன.

மார்கிறெற்றின் கணவனுக்கும் அயலிலுள்ள ஆசிரியைக்கும் இடையிலான இரகசிய உறவு பற்றிய கிளைக்கதை ஒன்றும் படத்தில் உண்டு. எட் ஹரிஸ், ஏமி மடிகன், லின்ட்சே குறௌஸ் ஆகிய மூவரும் நன்றாகவே நடித்திருந்தாலும், பருத்திக்காட்டை விட்டுப் படம் அங்கே போகும்போது அதன் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. சூறாவளிக் காட்சியோ அப்படியல்ல. நெஸ்ரர் அல்மென்ட்றோஸின் ஒளிப்பதிவு அந்தச் சமவெளியின் வானத்தை ஒரு பாத்திரமாகவே ஆக்கிவிடுகிறது.

தேவாலயத்தில் நடக்கும் கடைசிக் காட்சி எங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்தது. திருவிருந்துத் தட்டு கைமாறிக்கொண்டு வரும்போது, ஊரைவிட்டுப் போன மோஸும், இறந்துபோன ஷெரிஃபும், அவரைச் சுட்ட வைலியும் ஒரே வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். இயக்குநர் கடைசியில் எல்லோரையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டார், அநியாயத்தை மூடிவிட்டார் என்று நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. நடந்திருக்கவேண்டியது எது என்பதைக் காட்டுவதன் மூலம் நடந்தது எவ்வளவு தவறு என்பதை அந்தக் காட்சி சொல்கிறது. அவ்வூரில் வெள்ளையரோடு ஒரே வாங்கில் வைலியும் மோஸும் அமர்ந்திருக்க 1935இல் எந்த வழியும் இருக்கவில்லை என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். அன்று மண்டபத்தில் தொடங்கிய அந்த வாதம், இப்பொழுதும் வகுப்புத் தோழர்கள் சந்திக்கும் இடங்களில் தொடர்கிறது.

படம் வெளிவந்த காலமும் முக்கியமானது. 1980களின் முற்பகுதியில் உயர்ந்த வட்டிவீதத்தாலும் சரிந்த காணிவிலையாலும் அமெரிக்க விவசாயிகள் மீண்டும் பண்ணைகளை இழந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஆண்டில் பண்ணையைக் காப்பாற்றப் போராடும் குடும்பங்களைப் பற்றி மூன்று படங்கள் வந்தன. மூன்றின் கதாநாயகிகளும் அவ்வாண்டுச் சிறந்த நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கதையாக இருந்தும், பென்ரனின் படம் அன்றைய செய்தியாகவே பலருக்குத் தோன்றியது.

எமது பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த திரைப்பட மாலைக்கு இதனைத் தெரிவுசெய்யுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவானது. ஆங்கிலம் எளிமையானது, ஆனால் ரெக்சாஸ் உச்சரிப்புப் பழக, எழுத்துவரிகளோடு திரையிடுவது நல்லது. தொடக்கத்தில் வரும் வைலியின் சாவும், மோஸ் தாக்கப்படும் காட்சியும் சிறுவர்களை அச்சுறுத்தக்கூடியவை. ஆகையால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோருடன் இருந்தே பார்க்கவேண்டும் என்று அழைப்பிதழில் குறிப்பிடவேண்டும்.