கறிவேப்பிலை மஞ்சளித்த பனிக்காலம்: ஸ்காபுறோ வீட்டுக் குறிப்புகள்

ஜனவரி 4 அன்று காலையில், பெரிய சாடியில் நிற்கும் கறிவேப்பிலையின் உச்சியில் புதிதாக விரிந்திருந்த ஓர் இணுக்கை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான், ஏறத்தாழ இரண்டு மாதமாக நான் இல்லாத பசிக்கு உணவு போட்டுக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. சிற்றிலைகளின் நரம்புகள் மெல்லிய பச்சைக் கோடுகளாக நின்றன. நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி முழுவதும் வெளிறிய எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அதே செடியின் அடிப்பகுதி இணுக்குகளோ கரும்பச்சையாக, கிள்ளினால் மணக்கும் நிலையில் இருந்தன. மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்று நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ரொறன்ரோவின் ஸ்காபுறோவிலுள்ள எங்கள் வீட்டில் மூன்று கன்றுகள் இருக்கின்றன. பெரியது ஆறு வயதானது. ஊரிலிருந்து வந்த விதையில் முளைத்து, இப்போது நான்கரை அடி உயரத்தில் இருபது லீற்றர் சாடியில் வரவேற்பறை யன்னலோரம் நிற்கிறது. மற்ற இரண்டும் அதன் வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்றுகள். அவை நிலக்கீழ் அறையில் எல்.ஈ.டி. விளக்கின் கீழ் வளர்கின்றன. வழக்கமாக இரசாயனப் பசளை எதுவும் போடுவதில்லை. கூட்டெரு, மண்புழு எரு, தும்புத் தூள், நீர் வடிவதற்காகப் பேர்லைற் என்ற கலவைதான் மூன்றுக்கும். கறிவேப்பிலை உறைபனியைத் தாங்காது என்பதால், இங்கே இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கும் செப்ரெம்பர் இறுதியில் அவற்றை உள்ளே கொண்டுவருவது வழக்கம்.

ஒக்ரோபரில் அடி இணுக்குகள் சில முழுமையாக மஞ்சளித்து உதிர்ந்தன. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. கோடை முழுவதும் திறந்த வெயிலில் நின்ற செடி, வெளிச்சம் குறைந்த அறைக்கு வந்ததும் தன்னால் பேண முடியாத பழைய இலைகளைக் கழித்துவிடும். டிசெம்பர் இறுதியில் இங்கே பகற்பொழுது ஒன்பது மணிநேரம்கூட இல்லை. அதிலும் யன்னல் கண்ணாடியைத் தாண்டி இலைக்கு வந்து சேர்வது சொற்பமே. இந்த உதிர்வு மூன்று வாரத்தில் நின்றுவிட்டது.

நான் பிழைவிட்டது அதற்குப் பின்னர். நவம்பர் நடுப்பகுதியில் உச்சிக் கொழுந்துகள் வெளிறத் தொடங்கியதும், ஒக்ரோபரில் பார்த்த மஞ்சளின் தொடர்ச்சிதான் இது, மண்ணில் நைதரசன் தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மண்புழு எருவும், விறகு அடுப்புள்ள நண்பர் ஒருவர் தந்த சாம்பல் ஒரு கைப்பிடியும் போட்டேன். வாழைக்கும் மரக்கறிக்கும் சாம்பல் தூவுவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவனுக்கு அது இயல்பான செயலாகவே பட்டது. டிசெம்பரில் அடுத்து வந்த கொழுந்து முன்னதைவிட வெளிறி, சிறுத்து, சில இடங்களில் நுனி கருகியும் வந்தது. எருவை மீண்டும் போட்டேன்.

நைதரசன், மக்னீசியம், பொற்றாசியம், பொசுபரசு ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலைகளிலிருந்து உருவி இளம் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே அடியிலுள்ள இலைதான் முதலில் வாடும். நைதரசன் குறைந்தால் அந்தப் பழைய இலை நரம்போடு சேர்த்துச் சீராக மஞ்சளிக்கும். மக்னீசியம் குறைந்தால் பழைய இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளிக்கும். பொற்றாசியம் குறைந்தால் விளிம்பு கருகும். இரும்பு, மங்கனீசு போன்றவை ஒருமுறை ஓர் இலைக்குள் சென்று சேர்ந்தால் அங்கிருந்து எளிதில் நகர்வதில்லை. எனவே அவை கிடைக்காதபோது பழைய இலை பச்சையாகவே இருக்க, புதிய இலை மட்டும் வெளிறுகிறது. என் செடி நவம்பரிலிருந்து இதையேதான் காட்டிக்கொண்டிருந்தது.

மண்ணில் இரும்பு இல்லாமலா போயிற்று? எருவும் கூட்டெருவும் நிறைந்த கலவையில் இரும்பு இல்லாமல் போவது அரிது. வேர் அதை எடுக்க முடியாத நிலையில்தான் இருக்கிறது என்று ஊகித்தேன். இயற்கை மண்ணில் செடி வளர்ப்பவர்கள் மஞ்சளைக் கண்டதும் இன்னும் ஏதாவது போடத் துடிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். போடுகிற ஒவ்வொன்றும், வேரை மறித்து நிற்கும் காரணத்தை மேலும் வலுப்படுத்தக்கூடும்.

ஜனவரி 6 அன்று மண்ணின் காரத்தன்மையை, அதாவது பி.எச். அளவை (7 நடுநிலை, அதற்கு மேலே காரம்), அளந்தேன். சாடியின் மேற்புறத்திலிருந்து எடுக்காமல், பக்கவாட்டில் நான்கு அங்குல ஆழத்திலிருந்து மூன்று இடங்களில் மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, நன்றாகக் கலக்கி அரை மணிநேரம் வைத்துவிட்டு, அளவுகருவியை பி.எச். 4, 7 கொண்ட இரண்டு கரைசல்களிலும் சரிபார்த்த பின்னர் அளந்தேன். பி.எச். 7.8 வந்தது. நம்பாமல் மறுநாளும் செய்தேன், 7.7 வந்தது. கறிவேப்பிலை எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அந்தக் குடும்பத்துச் செடிகள் இரும்பு கிடைக்காமல் மஞ்சளிப்பது பழத்தோட்டக்காரர்கள் நன்கறிந்த விடயம். 6க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் அவை நிம்மதியாக இருக்கும். அதற்கு மேலே ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் இரும்பின் கரைதிறன் பல மடங்கு குறைந்துகொண்டே போகிறது.

காரத்தன்மை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை தேட அதிக நேரம் எடுக்கவில்லை. கைப்பிடிச் சாம்பல் ஒன்று. எங்கள் குழாய்நீர் இன்னொன்று. ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் இந்த நீர் ஓரளவு கடினமானது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவமே அதற்குச் சாட்சி. கோடையில் மழையும் சேர்ந்து நனைப்பதால் அந்தப் படிவு கழுவப்பட்டுவிடுகிறது. உள்ளே கொண்டுவந்த பின்னர் குழாய்நீர் மட்டுமே ஊற்றப்பட்டு, நீர் ஆவியாகப் போக, சுண்ணாம்பு மண்ணில் தங்கிவிடுகிறது.

மூன்றாவது காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சமையலறை வெப்பமானியை மண்ணுக்குள் ஆறு அங்குலம் குத்திப் பார்த்தபோது 14 பாகை காட்டியது. அறையின் வெப்பநிலையோ 21. சாடி நேரடியாக ஓட்டுத் தரையில், வெளிச்சுவரை ஒட்டி நின்றது. குளிர்ந்த ஈரமண்ணில் வேர் மந்தமாகிவிடும். எருவை உடைத்துச் செடிக்குக் கொடுக்க வேண்டிய நுண்ணுயிர்களும் மந்தமாகிவிடும். பொதிப் பசளை நீரில் கரைந்தவுடன் வேருக்குக் கிடைத்துவிடும், ஆனால் இயற்கை மண்ணில் இந்த நுண்ணுயிர்களின் உழைப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த மண்ணுக்குத்தான் நான் எருவுக்கு மேல் எருவாகக் கொட்டி, ஈரத்தையும் அதிகமாக வைத்திருந்தேன்.

ஊகத்தை உறுதிப்படுத்தாமல் சிகிச்சை தொடங்க இம்முறை எனக்கு விருப்பமில்லை. ஜனவரி 8 அன்று ஒரே உயரத்திலிருந்த மூன்று வெளிறிய இணுக்குகளைத் தேர்ந்து நூல் கட்டி அடையாளமிட்டேன். முதலாவது இணுக்கின் ஒரு பக்கச் சிற்றிலைகளுக்கு மட்டும், லீற்றருக்கு இரண்டு கிராம் அளவில் கரைத்த இரும்பு சல்பேற்றைச் சிறு தூரிகையால் இருபுறமும் தடவினேன். இரண்டாவதற்கு அதே முறையில் எப்சம் உப்பு, அதாவது மக்னீசியம் சல்பேற். மூன்றாவதற்கு வெறும் வடித்த நீர். ஒன்பதாம் நாள் முதலாவது இணுக்கில் தடவிய பக்கம் பச்சை திட்டுத்திட்டாகத் திரும்பியிருந்தது. பதினான்காம் நாள் நடு ஈர்க்குக்கு ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மஞ்சள் என்று கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. மற்ற இரண்டு இணுக்குகளிலும் மாற்றமே இல்லை. அந்த இணுக்கை அன்று மாலை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். செடி தானே பதில் எழுதித் தந்ததுபோல இருந்தது.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா, "தம்பி, புளிச்ச மோரை ஊத்திப் பார். கறிவேப்பிலைக்கு அதை விட வேறொண்டும் வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லை வெறும் வழக்கமென்று தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் படுத்திருக்கிறது, கிணற்றுநீரும் கடினமானது. அப்படிப்பட்ட மண்ணில் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிக்குப் புளிப்பான ஒன்றைத் தொடர்ந்து ஊற்றி வந்த பெண்கள், வேரைச் சுற்றியுள்ள சிறு வட்டத்திலாவது காரத்தைத் தணித்து, நுண்ணுயிர்களுக்கு உணவும் கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரியாமலே அவர்கள் கண்டறிந்திருந்த குறைபாடும் ஸ்காபுறோவில் எனக்கு வந்த குறைபாடும் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் மூடிய வீட்டுக்குள், குளிர்ந்த மண்ணில் மோர் ஊற்றினால் நாற்றமும் மண் கொசுவுமே மிஞ்சும். அதனால் மோரை வெளியில் வைக்கும் காலத்துக்கு ஒத்திவைத்தேன்.

ஜனவரி 22 முதல் செய்தவை இவை. சாடியைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தேன். ஐந்து நாளில் மண் 18 பாகைக்கு வந்தது. மேல்மண்ணில் சாம்பல் கலந்திருந்த இரண்டு அங்குலத்தையும் சுரண்டி அகற்றிவிட்டுப் புதிய தும்புத் தூளும் எருவும் நிரப்பினேன். அதில் ஒரு தேக்கரண்டி கந்தகத் தூளைக் கலந்தேன். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணிலுள்ள பக்ரீரியா என்பதால் அது வாரக்கணக்கில்தான் வேலை செய்யும். அவசரப்பட்டு அதிகம் போட்டால் பின்னர் திருத்துவது கடினம். அதுவரை செடி பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக, காரமண்ணிலும் சிதையாத ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பை இரண்டு தடவை மூன்று வார இடைவெளியில் நீரோடு கொடுத்தேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.ரி.ஏ. வகை இரும்பு இத்தகைய மண்ணில் விரைவில் பயனற்றுப் போய்விடும். பொதியைப் பார்த்து வாங்குவது அவசியம்.

நீருக்குப் பனியைப் பயன்படுத்தினேன். பின்வளவில், வீதிக்கு உப்புத் தூவும் இடங்களிலிருந்து நன்றாக விலகிய மூலையில், புதிதாக விழுந்த பனியை வாளியில் அள்ளி உள்ளே வைத்தால், மறுநாள் அறை வெப்பத்தில் சுண்ணாம்பே இல்லாத நீர் கிடைக்கும். ஒரு வாளிப் பனிக்குச் சிறிதளவு நீர்தான் வரும் என்பதால் தினமும் அள்ள வேண்டியிருந்தது. எப்போது ஊற்றுவது என்பதையும் மாற்றினேன். மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் பார்ப்பதை விட்டுவிட்டு, சாடியை எடை பார்க்கும் தராசில் ஏற்றி, முழுதாக நனைத்த நாளின் எடையிலிருந்து மூன்று கிலோ குறைந்த பின்னரே ஊற்றினேன். முன்பு ஐந்து நாளுக்கொரு முறை ஊற்றியது, அந்தக் கணக்கில் பதின்மூன்று நாளுக்கொரு முறையாகியது.

நிலக்கீழ் அறையிலிருந்த ஒரு கன்றும் பெப்ரவரியில் மஞ்சளித்தது. அது முற்றிலும் வேறு மஞ்சள். இலை முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் நுண்புள்ளிகள் பரவி, தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பூத்த மங்கல் நிறம் தெரிந்தது. புதியது பழையது என்ற வேறுபாடு இல்லை. இலையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டியபோது விழுந்த புள்ளிகளில் சில நகர்ந்தன. சிற்றுண்ணி. சூடாக்கியின் காற்றுத் துவாரத்துக்கு நேர் எதிரே அந்தக் கன்று நின்றதால் காற்று மிகவும் வறண்டு அவற்றுக்கு வசதியாகிவிட்டது. குளியலறையில் வைத்து இலைகளின் அடிப்புறத்தை நீர்த்தாரையால் நன்றாகக் கழுவி, சவர்க்காரக் கரைசல் தெளித்து, நான்கு நாள் இடைவெளியில் ஐந்து தடவை அப்படியே செய்தேன். முட்டைகள் தப்பிப் பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு தடவையுடன் நிறுத்துவதில் பயனில்லை. அதற்கும் இரும்பு கொடுத்திருந்தேனென்றால் கன்றை இழந்திருப்பேன்.

பெரிய செடியில் பெப்ரவரி 19 அன்று விரிந்த கொழுந்து இளம்பச்சையாக வந்தது. நரம்பும் இடைப்பகுதியும் ஒரே நிறமாக இருக்கின்றனவா என்று தினமும் பார்த்தேன். மார்ச் 10இல் பி.எச். 7.2, ஏப்ரல் 21இல் 6.7. நவம்பரில் வெளிறிய இலைகளில் பாதி ஓரளவு பச்சைக்குத் திரும்பின. நுனி கருகியவை கருகியபடியே நின்றன, அவற்றை நறுக்கிவிட்டேன். உயரத்தையும் கால்வாசி குறைத்து வெட்டினேன். வெட்டிய இடத்துக்குக் கீழே மூன்று கணுக்களில் கிளைமுளை விட்டிருக்கிறது.

மே மாதம் விக்ரோறியா தின விடுமுறை வார இறுதியில் மூன்றையும் வெளியே எடுத்து, முதற் பத்து நாள் நிழலில் வைத்தேன். முதல் நல்ல மழைக்குப் பின்னர், ஒரு பங்கு புளித்த மோருக்குப் பத்துப் பங்கு நீர் என்ற கணக்கில் கலந்து பெரிய சாடிக்கு ஊற்றினேன். அதை அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். சிற்றுண்ணி வந்த கன்று இன்னமும் முழுமையாகத் தேறவில்லை. அதன் இலைகளைப் பறிப்பதில்லை. பெரியதிலிருந்து ஜூன் 2 அன்று ஆறு இணுக்குகள் பறித்துச் சொதிக்குப் போட்டோம். செப்ரெம்பர் இறுதியில் உள்ளே கொண்டுவரும் நாளில் மண்ணை அளந்து எழுதுவதற்காகக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.