ஹாஷைக் கொடுத்தால் என்ன பதில் வர வேண்டும்

பிளொக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில்) நடந்த ஒரு பரிமாற்றத்தைத் தேடிப் பார்க்க ஈதர்ஸ்கேன் மாதிரி தளங்கள் இருக்கின்றன. அவை மனிதர் கண்ணுக்காகச் செய்தவை. நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஏஐ ஏஜென்ட் (நமக்காக வேலைகளைச் செய்யும் ஏஐ) தானே கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஒரு சின்னக் கருவி. பரிமாற்றத்தின் ஹாஷையும் (அதன் அடையாளக் குறியீடு) எந்தப் பிளொக்செயின், சுருக்கமாகச் செயின், என்பதையும் வாங்கிக்கொண்டு, காசு போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும். 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான அந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறை இருப்பதால் ஏஜென்டோடு இணைப்பது பெரிய வேலையில்லை. பதிலை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதில்தான் என் நேரமெல்லாம் போகிறது.

இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு லோகோவும் வீடியோ எடிட்டிங்கும் செய்து கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருக்குக் காசு யூஎஸ்டிடியாக, அதாவது டொலர் மதிப்போடு கட்டிய மெய்நிகர் நாணயமாக, வருகிறது. மேல் லயத்துத் தம்பி ஒருவன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "அக்கா, அனுப்பிட்டோம்னு ஹாஷ் குடுத்திருக்காங்க. ஏஐகிட்ட கேட்டா, காசு வந்திருச்சுன்னு சொல்லுது. வாலட்ல ஒண்ணுமே காணோம்."

பரிமாற்றம் உண்மையிலேயே செயினில் இருந்தது. ஆனால் தோற்றுப்போன பரிமாற்றம். எத்தேரியம் என்ற செயினில் தோற்ற பரிமாற்றமும் பிளொக்கில் (பதிவுத் தொகுதியில்) ஏறும், அதற்கும் கேஸ் என்ற பரிமாற்றக் கட்டணம் பிடிப்பார்கள். ரசீதில் ஸ்டேட்டஸ் 1 என்றால் வெற்றி, 0 என்றால் தோல்வி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனதை வைத்து முழுப்பேர் (முழுநாள் கூலி) விழுந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம், அரைப்பேராகவும் இருக்கலாம். அதனால் என் கருவி "கண்டுபிடித்தேன்" என்பதையும் "வெற்றி" என்பதையும் ஒரே வரியில் சேர்ப்பதில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் மோசம். எத்தேரியத்தில் யூஎஸ்டிடி அனுப்பினால், மூலப் பதிவில் பெறுநர் இடத்தில் டோக்கன் ஒப்பந்தத்தின் (அந்த நாணயத்தை நடத்தும் நிரலின்) முகவரிதான் இருக்கும். தொகை என்ற இடத்தில் சுழியம். உண்மையான பெறுநரும் தொகையும் உள்ளே, டிரான்ஸ்ஃபர் என்ற நிகழ்வுப் பதிவில் கிடக்கின்றன, அதுவும் பதினாறடிமான எண்ணாக. 0x5f5e100 என்றால் பத்துக்கோடி. யூஎஸ்டிடிக்கு எத்தேரியத்தில் ஆறு தசம இடங்கள், ஆகவே 100 டொலர். அதே பெயரில் பிஎன்பி என்ற இன்னொரு செயினில் ஓடும் டோக்கனுக்குப் பதினெட்டு இடங்கள்! இந்தக் கணக்கை ஏஐயின் மொழி மாதிரியிடம் விட்டால் ஒரு தடவை சரியாகச் சொல்லும், இன்னொரு தடவை தப்பாகச் சொல்லும். காசு விஷயத்தில் அது எனக்குப் போதாது. தசமத்தைக் கருவியே ஒப்பந்தத்திடம் கேட்டு, வகுத்து, "100 யூஎஸ்டிடி" என்று முடித்தே கொடுக்கிறது. கூடவே ஒப்பந்த முகவரியும் போகும், ஏனென்றால் யூஎஸ்டிடி என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் டோக்கன் உருவாக்கலாம்.

டோக்கன் பெயரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. "பரிசை வாங்க இந்தத் தளத்துக்கு வா" என்று பெயரிலேயே எழுதி, கேட்காத வாலட்டுகளுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். மனிதர் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டால்? பெயரை வெட்டிச் சுருக்கி, "இது வெளியார் எழுதியது, நம்பாதே" என்ற குறிப்போடுதான் தருகிறேன்.

"கிடைக்கவில்லை" என்ற பதிலுக்கு நான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறேன். ஹாஷைப் பார்த்தால் எந்தச் செயின் என்று தெரியாது. எத்தேரியம், பொலிகன், பிஎன்பி மூன்றிலும் 0x போட்டு 64 எழுத்துகள்தான். வேறு செயினில் தேடியிருக்கலாம், இன்னும் பிளொக்கில் ஏறாமல் காத்திருக்கலாம், அல்லது அப்படி ஒன்று நடக்கவே இல்லாமல் இருக்கலாம். வெறும் வெற்றுப் பதில் வந்தால் ஏஜென்ட் அந்த இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடும். ஆகவே எந்தச் செயினில் எத்தனை மணிக்குத் தேடினேன், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று முழு வாக்கியமாகச் சொல்ல வைத்திருக்கிறேன். பிளொக்கில் ஏறிய உடனேயும் "முடிந்தது" என்று சொல்லாது. எத்தேரியத்தில் ஒரு பரிமாற்றம் இறுதியாவதற்கு, அதாவது இனி மாற்ற முடியாததாக ஆவதற்கு, ஏறக்குறைய 13 நிமிடங்கள் ஆகும், அதுவரை "ஏறியிருக்கிறது, இறுதியாகவில்லை" என்றுதான் வரும்.

மெய்நிகர் நாணயங்களுக்கு இங்கே ஒழுங்குமுறை இல்லை என்று இலங்கை மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. ஏமாந்த பிறகு அந்தக் காசை மீட்டுத் தர ஆளில்லை. அதனால் வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கருவியில் பணம் அனுப்பும் வசதி கிடையாது, சேர்க்கவும் மாட்டேன். வாலட்டைத் திறக்கும் தனிச்சாவியை யாரிடமும் அது கேட்காது. அப்படிக் கேட்டால் அது என்னுடைய கருவி இல்லை. அடுத்து டிரொன் செயினைச் சேர்க்கிறேன், தம்பிமார் பலருக்குக் காசு அதில்தான் வருகிறது. அங்கே முகவரி T என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், ஹாஷுக்கு முன்னால் 0x இருக்காது.