இரட்டைக் கோடு

மார்ச் 3
பாப்பாவின் மூக்கோரத்தில் தோல் ஒரு துண்டு தானாக உரிந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பு.

மார்ச் 5
மரபணுச் சோதனைக்கு எங்கள் மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர எட்டு வாரம் ஆகுமாம். பிறந்த அன்று கண்ணாடித் தாளில் சுற்றினாற்போல் பளபளவென்று இருந்தாள். இமைகள் வெளிப்பக்கமாக மடிந்து, கண்ணை மூட முடியாமல். மேலே போர்த்தியிருந்த அந்தத் தாள் போன்ற தோலைக் கொலோடியன் சவ்வு என்கிறார்கள். அது உதிர்ந்த பிறகுதான் எந்த வகைச் செதில்தோல் நோய் (இக்தியோசிஸ்) என்று பிடிபடுமாம். ஏபிசிஏ12 என்ற பெயரைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. மிகக் கடுமையான வகைக்கு அந்த மரபணுதான் காரணம்.

மார்ச் 10
மரபணு ஆலோசகர் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். "நீங்க சொந்தமா?" என்றார். அத்தை மகன் என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போட்டார். சொந்தத்தில் கட்டினால் அப்படித்தான் போடுவார்களாம்.

அந்த இரண்டு கோடுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

மார்ச் 21
வீட்டுக்கு வந்துவிட்டோம். அத்தை தேக்கா சந்தையில் நல்லெண்ணெய் வாங்கி வைத்திருந்தார். வேண்டாம், மருத்துவர் கொடுத்த களிம்பு மட்டும்தான் என்றேன். களிம்பு ஊறிய துணியில் நெருப்பு சட்டென்று பற்றும் என்றதும் சாமி விளக்கை அடுப்படிக்கு மாற்றிவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 29
வெயில். அவளுக்கு வியர்வை சரியாக வெளியேறாது, உடம்பு சுடும். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கா இப்படி? ஏர்கான் இரவு பகலாக ஓடுகிறது.

ஏப்ரல் 2
மழை. நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரல் 11
தாத்தாவிடமிருந்தா, பாட்டியிடமிருந்தா வந்தது? பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவர் கைகளையும் பார்க்கிறேன். பார்த்து என்ன பயன்? மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரல் 30
முடிவு வந்துவிட்டது. டிஜிஎம்1 என்ற மரபணு. 14ஆவது குரோமோசோம். இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. மேல்தோலின் புரதங்களை ஒன்றோடொன்று தைக்கிற நொதி அவளிடம் வேலை செய்யவில்லை. தையல் விட்ட தோலிலிருந்து நீர் கசிகிறது. அதை அடைக்கத்தான் உடம்பு செதில் செதிலாகத் தோலை அடுக்குகிறது. பாவம், அந்தத் தோல் அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறது.

ஏபிசிஏ12 இல்லை. அழுதேன்.

மே 1
"எங்கிட்டேருந்துதான் வந்துச்சாம்மா?" என்றார் அத்தை, களிம்பு தடவிக்கொண்டே. உங்களிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் என்றேன். அண்ணன் தங்கை இருவர் வழியாகவும் இறங்கி இவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அத்தை கையை நிறுத்தவில்லை.

மே 4
அடுத்த பிள்ளைக்கும் இது வர நான்கில் ஒரு வாய்ப்பு. அது இருக்கட்டும். தம்பிக்கும் நாத்தனாருக்கும் பேசி வைத்திருக்கிறார்களே! பெண் எடுத்த வீட்டில் பெண் கொடுப்பது. அங்கும் இன்னொரு இரட்டைக் கோடு. அவன் இந்தப் பிழையைச் சுமப்பவனாக இருக்கப் பாதி வாய்ப்பு, அவளுக்கும் பாதி. இருவருமே என்றால் அவர்கள் பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. யார் முதலில் வாய் திறப்பது? அப்பா காதில் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

மே 6
தம்பி ரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டான். நாத்தனாரிடம் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேச வேண்டும்.