வினாத்தாளிலிருந்து தொடங்கிய பயிற்சி

2024-25 கல்வியாண்டு தொடங்கியபோது எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் சமூக அறிவியல் புத்தகம் இல்லை. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. இடைக்காலத்துக்கு ஒரு மாத இணைப்புப் பாடம் என்றார்கள். அதை வைத்துக்கொண்டு படம் வரையச் சொல்லியும் கதை சொல்லியும் பலர் நாட்களை ஓட்டினார்கள். புத்தகம் வந்தபோது ஜூலை ஆகிவிட்டது, மலையில் மழையும் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான், நீலகிரியிலுள்ள சில சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் புதிய வரலாற்றுப் பாடத்தை அறிமுகப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்று வாரியத்தின் விதி இருப்பதால் கூட்டம் சேர்ப்பது கடினமாக இல்லை.

புதிய நூல் தேசியக் கல்விக் கொள்கையின்படி எழுதப்பட்டது. தமிழ்நாடு அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லையே, இங்கே எதற்கு இது என்று வெளியில் பலர் கேட்டார்கள். அரசுப் பள்ளிகளுக்கு மாநிலப் பாடநூல்தான், அதில் மாற்றமில்லை. வெலிங்டன், அருவங்காடு பக்கத்துக் கேந்திரிய வித்யாலயாக்களும் மலையில் பெருகிவிட்ட தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் நூலைத்தான் நடத்துகின்றன. கொள்கை பற்றிய சண்டை மேலே நடக்கும். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் பிள்ளைகள் முன் நிற்பது ஆசிரியர்தான்.

மாற்றம் சிறியதல்ல. முன்பு ஆறாம் வகுப்புக்கு வரலாறு, புவியியல், குடிமையியல் என்று மூன்று புத்தகங்கள். இப்போது எல்லாம் ஒரே நூலுக்குள் 14 அத்தியாயங்கள். பெருங்கடல்களும் கண்டங்களும் முடிந்து ஓர் அத்தியாயம் தள்ளினால் காலக்கோடும் வரலாற்றுச் சான்றுகளும் வருகின்றன, கடைசியில் பொருளாதாரம். அரசர்களின் வரிசை மெலிந்து, சான்றுகளைப் படிப்பதும் பண்பாடும் முன்னுக்கு வந்திருக்கின்றன. இதற்கெல்லாம் அடிப்படை பள்ளிப் பாடங்களுக்கு வழிகாட்ட 2023இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம். அறுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்த ஆவணத்தை முழுதாகப் படித்த ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. படிக்காததற்காக யாரையும் குறை சொல்லவும் மாட்டேன்.

எனக்கு அனுப்பப்பட்ட ஸ்லைடுகள் அந்தச் சட்டகத்தின் சுருக்கம். நோக்கங்கள், திறன்கள், குறியீட்டு எண்கள், அம்புக்குறிகள். அவற்றை ஓட்டினால் மதிய உணவுக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதனால் வருவதாகச் சொன்ன ஆசிரியர்கள் சிலரைத் தொலைபேசியில் பிடித்து, உண்மையில் எது இடிக்கிறது என்று கேட்டேன். புவியியல் படித்த ஒருவருக்கு ஹரப்பா நடத்தத் தயக்கம் இருந்தது. ஆங்கிலம் படித்துவிட்டுப் பாடவேளை நிரப்பச் சமூக அறிவியலுக்குத் தள்ளப்பட்ட ஒருவருக்கு எல்லாமே தயக்கம். ஆனால் அத்தனை பேரும் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் ஒன்றுதான்: “மேடம், இதில் கேள்வி எப்படி வரும்?”

இந்தக் கேள்வியைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பெற்றோர் பார்ப்பது மதிப்பெண்ணை, நிர்வாகம் பார்ப்பதும் அதைத்தான். மெட்ரிகுலேஷன் காலத்திலிருந்து கேள்வி-பதில் நோட்டுக்குப் பழகிய வீடுகள் இவை. வினாத்தாள் மாறாமல் வெறுமனே புத்தகம் மாறினால், ஆசிரியர் புதிய அத்தியாயத்தையும் பழைய கேள்வி-பதிலாக வெட்டி, கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவார். ஆகவே பயிற்சியைத் தலைகீழாக வைத்தேன். காலையில் வினாத்தாள், பாடம் பிறகு.

புத்தகத்தைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேசைக்கு மேசை ஒரு தாள் கொடுத்தேன். மூன்று குறிப்புகள் அதில் இருந்தன. ஒன்று, ஒய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் நீலகிரிப் பழங்குடிகளான தோதவர்களை அச்சுறுத்தியதையும் நீலமலையை வென்றதையும் சொல்லும் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு. இரண்டு, தொலைந்துபோன கிறிஸ்தவர்கள் மலைமேல் இருப்பதாகக் கேள்விப்பட்டு 1603இல் மேற்குக் கரையிலிருந்து ஏறிவந்து தோதவர்களைச் சந்தித்த இயேசு சபைப் பாதிரியார் பினிசியோ எழுதிவைத்த செய்தி. மூன்று, கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் வந்ததும், 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியதும். அடியில் ஒரே கேள்வி: “நீலகிரியைக் கண்டறிந்தவர் சல்லிவன் என்று ஒரு சுற்றுலாக் கையேடு சொல்கிறது. இந்தச் சான்றுகளைக் கொண்டு அந்தக் கூற்றை மதிப்பிடுக. 5 மதிப்பெண்.”

முதலில் கொஞ்சம் சிரிப்பு. பின்பு சத்தம் ஏறியது. சல்லிவனை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் இருந்தார்கள். உருளைக்கிழங்கும் ஊட்டி ஏரியும் அவரால் வந்தவை அல்லவா என்றார்கள். படுகர் வீட்டு ஆசிரியை ஒருவர், “எங்கள் ஹட்டி, எங்கள் ஊர், அதற்கு முன்பே இங்கே இருந்ததே, அவர் எங்களையும் சேர்த்துத்தான் கண்டுபிடித்தாரா?” என்று கேட்டார். எதிர் மேசையில் இருந்தவர் விடவில்லை: “கல்வெட்டு வென்றவன் வெட்டியது. அதை மட்டும் அப்படியே நம்பலாமா?” எனக்கு வேண்டியிருந்தது இதுதான். மூன்றுமே வெளியிலிருந்து வந்தவர்களின் பதிவு, தோதவர் எழுதியது ஒன்றுமில்லை என்பதை யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார். அப்படியானால் அவர்கள் தரப்புக்குச் சான்று எங்கே என்று பேச்சு திரும்பி, பாடல், மந்துகள் என்னும் அவர்களுடைய குடியிருப்புகளின் பெயர், எருமைப் பால்மனைக் கோயிலைச் சுற்றிய சடங்கு என்று பட்டியல் நீண்டது. வாய்மொழியும் வரலாற்றுச் சான்றே என்று ஸ்லைடில் ஒரு வரி இருந்தது. அதைக் காட்டவேண்டிய அவசியமே வரவில்லை.

சிக்கல் மதிப்பெண்ணில் வந்தது. ஒருவர் எழுதிய விடையைப் பெயர் இல்லாமல் எல்லா மேசைக்கும் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். அதே விடைக்கு ஒரு மேசை 2 போட்டது, இன்னொன்று 5. பத்தாண்டுகளுக்கு மேல் பணியில் இருக்கும் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு, “சரியான விடை எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், வேலை முடியும்” என்றார். அவர் முரண்டு பிடிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் தாளை ஒரே இரவில் திருத்துகிறவரின் கவலை அது. பிற்பகலில் பெரும்பொழுதை இதற்கே கொடுத்தோம். குறைந்தது இரண்டு சான்றுகளைப் பயன்படுத்தியிருந்தால் 2. ஒரு சான்றின் குறையைச் சொல்லியிருந்தால் 1. முடிவும் காரணமும் ஒட்டினால் 2. சல்லிவன் பக்கம் நின்றாலும் எதிர்த்தாலும் மதிப்பெண் குறையாது. இந்த நான்கு வரிக்கு வந்து சேர்வதற்குள் தேநீர் இரண்டு சுற்று ஆகிவிட்டது. பிறகு இன்னொரு விடையைத் திருத்தியபோது மேசைகளுக்கு இடையே ஒரு மதிப்பெண்தான் வேறுபாடு.

அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தோம். சான்றுகள் பற்றிய அத்தியாயம் தானாகவே ஓடியது. ஹரப்பா அத்தியாயத்தில் எதிர்பார்த்த சண்டை வந்தது. நூல் சிந்துவெளி நாகரிகத்துக்குச் சிந்து-சரஸ்வதி என்ற பெயரையும் சேர்த்துப் பயன்படுத்துவது பலருக்கு உறுத்தல், சிலருக்கு மகிழ்ச்சி. நான் அதில் நேரம் போக்கவில்லை. சரஸ்வதி என்று சிலர் அடையாளம் காணும் கக்கர்-ஹக்ரா ஆற்றுப்படுகையில் எந்த ஊர்கள் இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்க்கலாம் என்றேன். பார்க்க முடிந்தால்தானே! அச்சுப் புத்தகம் போதாமல் பலர் பி.டி.எஃப்.பை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து வந்திருந்தார்கள். அந்த வரைபடத்தில் ஆறு, மலை, பாலைவனம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஊர்ப் புள்ளிகள் அதற்குள் மூழ்கியிருந்தன. வண்ணப் பிரதி வைத்திருந்த ஒரே மேசையைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். பள்ளிகளுக்கு நான் வைத்த ஒரே கோரிக்கை, வரைபடப் பக்கங்களையாவது வண்ணத்தில் அச்செடுத்துக் கொடுங்கள் என்பதுதான். சில பள்ளிகள் கொடுத்தன.

தெற்கு எங்கே என்ற கேள்வியும் எழுந்தது. ஒரு ஆசிரியை தன் தங்கை மகனின் மாநில ஆறாம் வகுப்பு நூலைக் கொண்டுவந்திருந்தார். அதில் சிந்துவெளிக்கு அடுத்த பாடமே தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள்: பூம்புகார், மதுரை, காஞ்சி. இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதை முன்னே வைக்கிறது, எதை விடுகிறது என்று பார்த்தோம். சி.பி.எஸ்.இ. ஆசிரியர் மாநில நூலைத் துணைநூலாக வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு அன்று மழை விடுமுறை. அங்கிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை, நடுவட்டம் சாலையில் அந்த மழையில் வரச் சொல்லவும் முடியாது. அவர்களுக்காகப் பிறகு நான் கீழிறங்கிப் போனேன். அங்கே சல்லிவன் தாளைக் கொடுக்கவில்லை. கூடலூர்ப் பிள்ளைகளில் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, அதுதான் இன்றைய டேன்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். ஒப்பந்தத்தின் எண்கள் ஒரு சான்று. மறு சான்றுக்கு வீட்டில் என்ன இருக்கும் என்று கேட்டதும், இளம் ஆசிரியர் ஒருவர் தன் தாத்தாவின் பேமிலி கார்டைக் கைப்பேசியில் படமாகக் காட்டினார். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே ஒளிப்படத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தது. தாயகம் திரும்பியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்த காகிதம்.

அதிலிருந்து அவர்கள் எழுதிய கேள்விகள் என் கேள்வியை விட நன்றாக இருந்தன. “கார்டில் இருக்கும் குழந்தைகளின் வயதைக் கொண்டு, இவர்கள் எந்த நாட்டில் பிறந்திருக்கலாம்? ஒப்பந்தம் இவர்களிடம் கேட்டதா?” என்பது ஒன்று. ஆறாம் வகுப்புக்கு இது கனம் என்று நான் நினைத்தேன். பிள்ளைகளுக்குக் கனமாக இல்லை என்று பிறகு சொன்னார்கள். வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதிவிட்டார்களாம்.

ஒரு பள்ளியில் மட்டும் பருவத்தேர்வில் மீண்டும் “ஹரப்பா நகரங்களின் சிறப்புகளைப் பட்டியலிடுக” என்றே கேட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்புதான் காரணம். மற்ற இடங்களில் ஐந்து மதிப்பெண் சான்றுக் கேள்வி ஒன்று தாளில் நிலைத்தது, பெற்றோருக்கு விடைத்தாளோடு மதிப்பெண் வரிகளையும் சேர்த்துக் கொடுத்ததால் புகார் குறைந்தது. 2025இல் ஏழாம் வகுப்பு நூல் வந்தபோது யாரும் பயிற்சி கேட்கவில்லை. கூடலூர் ஆசிரியர்கள் தாங்களே எழுதிய வினாத்தாளை மட்டும் அனுப்பி, மதிப்பெண் வரிகளைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள்.