மீட்டப்பில் ஜாங்கோவைக் காட்டும்போது

தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடும் மீட்டப்பில், அரை மணி நேரத்தில் ஜாங்கோ, ஃபிளாஸ்க், லாராவெல் என இணையதளம் உருவாக்க உதவும் மூன்று ஃபிரேம்வொர்க்குகளையும் ஒப்பிட்டால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்று போதும். என் தேர்வு ஜாங்கோ: 2005-இல் வெளியான இது, அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. செய்தியாளர்களே உள்ளடக்கம் ஏற்ற வேண்டியிருந்ததால் தரவைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் அட்மின் பக்கம் கூடவே வருகிறது. அதையே முதலில் காட்டுங்கள்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. புது ஆப்பை (ஜாங்கோ திட்டத்தின் ஒரு பகுதி) செட்டிங்ஸ் கோப்பில் ‘இன்ஸ்டால்ட் ஆப்ஸ்’ பட்டியலில் சேர்க்காவிட்டால், தரவுத்தள மாற்றங்களுக்கான கோப்பை உருவாக்கும் ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ கட்டளையை ஆப் பெயர் தராமல் இயக்கும்போது அது பிழை காட்டாது. மாற்றம் ஏதும் இல்லை என்று மட்டும் சொல்லும். மேடையில் வேண்டுமென்றே இதைச் செய்து, பிறகு சரிசெய்யுங்கள். மாடலை (தரவின் அமைப்பை விவரிக்கும் நிரல்) அட்மினில் பதிவு செய்ய மறந்தாலும் அது அட்மின் பக்கத்தில் தெரியாது.

அரங்கின் வைஃபையை நம்பாதீர்கள். தேவையான பேக்கேஜ்களை ‘பிப் டவுன்லோடு’ என்ற பைத்தான் கட்டளை மூலம் முன்பே இறக்கி பென்டிரைவில் வையுங்கள். படங்களைக் கையாளும் பில்லோ போன்ற பேக்கேஜ்களுக்கு விண்டோஸ், லினக்ஸ் வீல் கோப்புகள் (நிறுவத் தயாரான பேக்கேஜ் கோப்புகள்) வேறு வேறு, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.