கடைசி சீட் வரை

என் மகள் நான்கு வருடம் நான் ஓட்டிய பள்ளிப் பேருந்திலேயே பள்ளிக்கு வந்தாள். "நீங்க குடுத்து வச்சவர், பிள்ளை எப்பவும் கண்ணு முன்னாடியே இருக்கு" என்று மற்ற பெற்றோர்கள் சொல்வார்கள். நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வேலையில் இருப்பவர்கள் பிள்ளையைத் தங்கள் வண்டியிலேயே கூட்டி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கண் விழிக்கும்போது நாங்கள் ஷெட்டில் இருப்போம். அதனால் எங்கள் பிள்ளை முதல் ஆளாக ஏறும், கடைசி ஆளாக இறங்கும். தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வண்டியில் குலுங்கும். சலுகை என்று வெளியில் தெரிவதற்கு அந்தக் குழந்தை கொடுக்கும் விலை அது.

காலையில் டயர், பிரேக், கதவு, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும் வரை அவள் பையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாளில் விளக்குப் பார்ப்பது அவள் வேலையாகிவிட்டது. இன்ஜினை அணைத்து, கை பிரேக்கைப் போட்டுவிட்டு நான் சுவிட்சைத் தட்டுவேன். அவள் பின்னால் தள்ளி நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, "இடது எரியுது... வலது எரியுது... பிரேக் எரியுது" என்று கத்துவாள். ஷெட்டில் இருந்த டிரைவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் பழக்கம்.

சிக்கல் வண்டி கிளம்பிய பிறகுதான். ஒரு நாள் உதவியாளர் அக்கா என்னிடம் வந்து, "தம்பி, உள் கண்ணாடி இடப்பக்கமா சாஞ்சிருக்கே. வலப்பக்கம் உக்காந்திருக்கிற பிள்ளைங்க தெரியுதா?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடியின் நட்ட நடுவில் இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டும், அதில் ஒரு சிவப்பு ரிப்பனும். நான் வேண்டுமென்று திருப்பவில்லை. ஒவ்வொரு நாளும் கை தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருக்கிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். தூங்குகிறாளா, அழுகிறாளா, யாரோடு பேசுகிறாள் என்று இரண்டு நொடி பார்த்தால், இரண்டு பேருந்து நீளத்துக்கு நான் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறேன். நிறுத்தத்திலும் இதே கதைதான். குனிந்து பென்சில் எடுக்கும் சின்னப் பிள்ளை வண்டியின் முகப்புக்குக் கீழே போய்விட்டால் சீட்டில் இருந்து தெரியவே தெரியாது. இறங்கியவர்களை எண்ணி, அத்தனை பேரும் தள்ளிப் போய்விட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் மனம் உள்ளே மூன்றாவது சீட்டில் இருந்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

அதற்கு நேர்மாறான தப்பையும் செய்தேன். ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டபோது, என்ன ஏது என்று கேட்காமல் என் மகளைத்தான் அதட்டினேன். டிரைவர் தன் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அவள் மேல் தப்பே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். "வண்டியில நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கப்பா" என்றாள், கோபம்கூட இல்லாமல். மறுநாளே அக்காவிடம் சொல்லிவிட்டேன்: என் மகள் சம்பந்தப்பட்ட எந்தப் பிரச்சினையையும் நீங்களே விசாரியுங்கள், நான் தலையிட மாட்டேன்.

இதையெல்லாம்விட இன்னும் மனதை அறுப்பது ஒரு காலை. வழியில் அவள் வாந்தி எடுத்தாள். உடம்பு கொதித்தது. பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் இறங்கினார்கள், அக்கா அவர்களை வாசலுக்குள் கூட்டிப் போனார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மருத்துவ அறைக்கு ஓடினேன். கடைசி சீட் வரை நடந்து பார்க்கவில்லை. எத்தனையோ வருடங்களில் அந்த ஒரு நாள்தான்.

அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போன அக்கா ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றாம் வகுப்பு. கடைசிக்கு முந்தைய சீட்டில் பையைத் தலைக்கு வைத்து, சுருண்டு தூங்கியிருக்கிறான். அவ்வளவு தாழ்வாகப் படுத்திருந்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. பத்து நிமிடம் இருக்கும். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே சூடு கடுமையாக ஏறிவிடும். சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடாகும். இது எனக்குத் தெரியாத விஷயமா? பயிற்சியில் புதியவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தது.

பள்ளியில் சொன்னேன். மாலையில் அவன் அம்மாவிடமும் நானே சொன்னேன். அவர் மகன் தலையில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நாளைக்கும் நீங்கதானேண்ணே வருவீங்க?" என்று மட்டும் கேட்டார். நம்பிக் கேட்டாரா, பயந்து கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. "நான்தாம்மா" என்றேன்.

அன்றிலிருந்து எந்த அவசரமானாலும் முதலில் கடைசி சீட் வரை நடந்து, பின்பக்க ஜன்னல் கண்ணாடியைக் கையால் தொட்டுவிட்டு, சீட்டுகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மற்றது. என் மகளுக்கே முடியவில்லை என்றாலும் அக்காதான் பார்ப்பார், நான் பின்னால் நடப்பேன். அவளிடம் இதை முன்கூட்டியே உட்கார வைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தம்பி மாதிரி யாராவது இருந்தா?" என்றாள். "ஆமாம்" என்றேன். "சரிப்பா" என்றாள்.

இப்போது அவள் வேறு பள்ளியில் மேல் வகுப்புப் படிக்கிறாள், வேறு ஒருவர் ஓட்டும் வண்டியில் போகிறாள். காலையில் நான் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கிறேன். திரும்பி ஏறி வலதைப் போட்டுவிட்டு, மறுபடியும் இறங்குகிறேன்.